வண்டிகளின் வயதைக் கூட்டி வகுத்தால் காற்றின் கணக்கு வருமா?

11 அக்டோபர் 2025 – வாசகர் கேள்வி

ஒரு நாட்டில் ஓடும் வண்டிகளின் சராசரி வயதையே சுற்றுச்சூழல் குறியீடாக வைத்துக்கொண்டால் என்ன? ஐரோப்பிய ஒன்றியத்தில் கார்களின் சராசரி வயது 12 ஆண்டைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவில் 2025 கணக்குப்படி 12.8. காற்றை அளக்க நிலையம் வேண்டும், கருவி வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வயதுக்கு ஒரு பதிவேடு போதும். வயது ஏறினால் புகை ஏறும், இறங்கினால் இறங்கும். இதைவிட மலிவான அளவுகோல் உண்டா?

11 அக்டோபர், இரவு

மலிவுதான், மறுக்கவில்லை. இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு நியாயமும் இருக்கிறது. வண்டி பிறந்த ஆண்டைச் சொன்னால், அது எந்த மாசு விதிக்குக் கட்டுப்பட்டுத் தயாரானது என்று சொல்லிவிடலாம். ஐரோப்பாவில் யூரோ 1 வந்தது 1992-இல். டீசல் காருக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு யூரோ 3-இல் (2000) கிலோமீட்டருக்கு 0.50 கிராம், யூரோ 4-இல் (2005) 0.25, யூரோ 5-இல் (2009) 0.18, யூரோ 6-இல் (2014) 0.08. இந்தியா 2020 ஏப்ரலில் தன் மாசு விதியான பாரத் ஸ்டேஜில் (பி.எஸ்.) 4-இலிருந்து ஐந்தைத் தாண்டி நேராக ஆறுக்குக் குதித்தது. ஆகவே வயது என்பது விதியின் நிழல். நிழலை அளந்து ஆளின் உயரத்தைச் சொல்லலாம், வெயில் எந்தக் கோணத்தில் அடிக்கிறது என்று தெரிந்தால்.

அந்தக் கோணத்தில்தான் எனக்குச் சந்தேகம். நாளை எழுதுகிறேன்.

12 அக்டோபர்

சரி, கணக்கு. இரண்டு கற்பனை நாடுகள். முதல் நாட்டில் எல்லா வண்டியும் சரியாக 15 வயதில் காயலான் கடைக்குப் போகிறது. ஆண்டுதோறும் விற்பனை ஒரே அளவு. அங்கே சராசரி வயது ஏழரை. இரண்டாவது நாட்டில் 20 வயது வரை விடாமல் ஓட்டுகிறார்கள். ஆனால் விற்பனை ஆண்டுக்கு 10 சதவீதம் கூடிக்கொண்டே போகிறது. அங்கே சராசரி என்ன வரும்? போட்டுப் பாருங்கள்: சுமார் 7.

அதாவது வண்டியைக் கூடுதலாக ஐந்து ஆண்டு இழுத்து ஓட்டும் நாடு, குறியீட்டில் 'இளமையான' நாடு. பத்தில் ஒரு வண்டி 15 வயதைத் தாண்டியது. அதற்கு மேல், ஏழு ஆண்டுக்கொருமுறை மொத்த வண்டி எண்ணிக்கை இரட்டிப்பாகிறது. அந்த ஊர்க் காற்றைச் சுவாசிப்பவரிடம் போய் உங்கள் சராசரி நன்றாக இருக்கிறது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

மக்கள்தொகைக் கணக்கிலும் இதே கதைதான். குழந்தைகள் நிறையப் பிறக்கும் நாட்டில் சராசரி வயது குறைவு; முதியவர்கள் நலமாக இருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது. சராசரி வயது முதலில் காட்டுவது விற்பனையை. விற்பனை காட்டுவது சம்பளத்தையும் வட்டி விகிதத்தையும். புகை அதற்கு வெகு தூரத்தில் நிற்கிறது.

12 அக்டோபர், சற்று நேரம் கழித்து

"சராசரி வேண்டாம், இடைநிலை வயது எடுங்கள்" என்று ஒருவர். வயதுப்படி வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் வண்டியின் வயது அது. அதுவும் நடுவைத்தான் பார்க்கும். நமக்கு வேண்டியது வரிசையின் வால், மிகப் பழையவை. 20 வயதைத் தாண்டிய லாரிகள் எத்தனை என்பதை இடைநிலை எண் கண்டுகொள்ளாது.

14 அக்டோபர்

பதிவேடு போதும் என்று கேள்வியில் இருந்ததே, அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

என் பழைய ஸ்கூட்டர் ஒன்று உருகி இரும்பாகிப் பல வருடம் ஆகிறது. அதன் ஆர்.சி. புத்தகம் இன்னும் வீட்டு அலமாரியில் இருக்கிறது. வாங்கியவரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. பதிவேட்டைப் பொறுத்தவரை அந்த ஸ்கூட்டர் இப்போதும் சாலையில் இருக்கிறது, வருடா வருடம் வயது ஏறிக்கொண்டு. இப்படிப்பட்ட ஆவி வண்டிகள் இல்லாத பதிவேடு அபூர்வம். பதிவை நீக்க உரிமையாளர் நடையாக நடக்க வேண்டும், நீக்குவதால் அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை என்ற நிலை இருக்கும்வரை ஆவிகள் பெருகும்.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் ஜெர்மனியைப் பார்க்கலாம். அங்கே தற்காலிகமாகப் பதிவிலிருந்து விலக்கிவைத்த வண்டிகளையும் ஒரு காலம் வரை மொத்தக் கணக்கில் சேர்த்தார்கள். 2008-இலிருந்து சேர்ப்பதில்லை என்று முடிவானது. 2007 தொடக்கத்தில் நாலரைக் கோடிக்கு மேல் இருந்த கார்கள், 2008 தொடக்கத்தில் சுமார் 4 கோடியே 12 லட்சம் ஆயின. நசுக்கும் இயந்திரத்துக்குள் அவ்வளவு கார்களும் போய்விடவில்லை. எண்ணும் முறை மாறியது, அவ்வளவுதான். ஜெர்மனி போன்ற, பதிவுகளை ஒழுங்காக வைத்திருக்கும் நாட்டிலேயே ஐம்பது லட்சம் கார்கள் ஒரு விளக்கக் குறிப்பில் கரைய முடியும் என்றால், இரண்டு நாடுகளின் சராசரியை அருகருகே வைத்து யார் முன்னே யார் பின்னே என்று வரிசைப்படுத்துவது என்ன வேலை?

இன்னொன்று. வயதை எந்த நாளிலிருந்து எண்ணுகிறோம்? தயாரித்த ஆண்டிலிருந்தா, இந்த நாட்டில் பதிந்த நாளிலிருந்தா? எட்டு வயதில் கப்பலில் வந்து இறங்கிய காரைப் பதிந்த நாளிலிருந்து எண்ணினால், அது அன்றுதான் பிறந்த குழந்தை. பழைய வண்டி இறக்குமதி செய்யும் நாடுகளில் இந்த ஒரு வரியே முழுக் குறியீட்டையும் கவிழ்த்துவிடும்.

14 அக்டோபர்

"கியூபா எங்கே நிற்கும்?" என்று கேட்டவருக்கு: 1950-களின் அமெரிக்கக் கார்களோடு தரவரிசையின் அடியில். ஆனால் அந்தக் கார்கள் பலவற்றுக்குள் இருப்பது வேறு வண்டியிலிருந்து பிடுங்கிப் பொருத்திய டீசல் இன்ஜின். கூட்டுக்கு ஒரு வயது, இதயத்துக்கு இன்னொரு வயது. எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது?

17 அக்டோபர்

வண்டி நின்றுகொண்டிருந்தால் புகை விடாது. இதைச் சொல்ல ஒரு தனிக் குறிப்பா என்று தோன்றலாம், ஆனால் சராசரி வயதுக் கணக்கு இதை மறந்துவிடுகிறது.

நான்கு வயது வாடகைக் கார் ஒன்று ஆண்டுக்கு 60,000 கிலோமீட்டர் ஓடுகிறது. 22 வயதுச் சொந்தக் கார் ஒன்று 2,000 கிலோமீட்டர். இரண்டின் சராசரி வயது 13. ஓடிய தூரத்தை வைத்து எடை போட்டால் நாலரைச் சொச்சம். சாலையில் உண்மையில் ஓடும் வயது இரண்டாவது எண். பொதுவாகப் பழைய வண்டி குறைவாகவே ஓடும். பாகம் கிடைக்காது, நடுவழியில் நின்றுவிடும் என்ற பயம் இருக்கும், வீட்டில் இரண்டாவது வண்டியாக ஒதுங்கிவிடும். என் காரே அப்படித்தான். அதன் மேல் போர்த்திய உறைதான் அதைவிட அதிகம் வெயில் பார்த்திருக்கிறது.

லாரியில் இந்தத் தர்க்கம் தலைகீழாகும் இடமும் உண்டு. நெடுஞ்சாலையில் இளமையைக் கழித்த லாரி, வயதானபின் நகரத்துக்குள் மணலும் குப்பையும் தண்ணீரும் சுமக்க வருகிறது. கிலோமீட்டர் குறைந்துவிட்டது, சரி. ஆனால் கக்கும் புகை இப்போது மக்கள் மூக்குக்குப் பக்கத்தில். தூரத்தால் எடை போட்டாலும் இது பிடிபடாது. எங்கே ஓடுகிறது என்பதும் வேண்டும்.

தூரக் கணக்கு எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். எஃப்.சி. சோதனைக்கு வரும்போது ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டால் போதும். விற்கும்போது மீட்டரைப் பின்னால் திருப்பும் கலைஞர்களுக்கும் அது ஒரு கடிவாளம்.

18 அக்டோபர்

இப்போது விதியின் நிழல் என்று முதல் நாள் சொன்னேனே, அதற்கு வருகிறேன். நிழலே பொய் சொன்ன காலம் ஒன்று உண்டு.

தூய போக்குவரத்துக்கான சர்வதேச மன்றம் என்ற ஆய்வு அமைப்பு 2014-இல் யூரோ 6 டீசல் கார்களில் கருவியைப் பொருத்தி நிஜச் சாலையில் ஓட்டிப் பார்த்தது. நைட்ரஜன் ஆக்சைடு சராசரியாக வரம்பைப் போல ஏழு மடங்கு. 0.08-ஐ ஏழால் பெருக்குங்கள்: 0.56. யூரோ 3-இன் வரம்பு 0.50. புத்தம்புது கார், 2000-ஆம் ஆண்டின் விதியில்கூடத் தேறவில்லை. அதே காலத்தில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அமெரிக்கச் சாலைகளில் அளந்த எண்கள்தான் 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் ஏமாற்று மென்பொருள் வெளியே வர வழிவிட்டன. சோதனைக் கூடத்தில் இருக்கிறோம் என்று கண்டுகொண்டால் நல்ல பிள்ளையாக மாறும் மென்பொருள். சாலையில் வரம்பைப் போல 40 மடங்கு வரை. நிஜச் சாலைச் சோதனையை ஐரோப்பா 2017-இல் கட்டாயமாக்கிய பிறகுதான் நிலைமை உண்மையாகவே திருந்தியது.

இதை வயதுக் குறியீட்டில் போட்டுப் பாருங்கள். 2005 முதல் 2015 வரை ஒரு நாடு பழைய பெட்ரோல் கார்களைக் கழித்துவிட்டுப் புதிய டீசல் கார்களாக வாங்கித் தள்ளியிருந்தால், சராசரி வயது அழகாக இறங்கியிருக்கும். நகரத்தின் நைட்ரஜன் டை ஆக்சைடு இறங்கியிருக்காது. ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் நடந்தது கிட்டத்தட்ட இதுவே.

டென்வர் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஸ்டெட்மன் என்ற வேதியியலாளர் 1980-களின் கடைசியில் சாலையோரக் கருவி ஒன்றைச் செய்தார். சாலையின் குறுக்கே அகச்சிவப்புக் கதிர், கடந்துபோகும் ஒவ்வொரு வண்டியின் புகையும் நொடியில் அளக்கப்படும். அவர் குழு திரும்பத் திரும்பக் கண்டது: சுமார் பத்தில் ஒரு வண்டி, மொத்தக் கார்பன் மோனாக்சைடில் பாதியை விடுகிறது. அந்தப் பத்தில் ஒன்று எல்லாம் கிழடு என்று எண்ண வேண்டாம். ஒரே ஆண்டில் தயாரான வண்டிகளுக்குள்ளேயே நல்லதுக்கும் கெட்டதுக்கும் உள்ள இடைவெளி, ஆண்டுக்கு ஆண்டு உள்ள இடைவெளியை விடப் பெரிதாக இருந்தது. நன்றாகப் பராமரித்த பழையது, கைவிட்ட புதியதைவிடச் சுத்தம்.

இது எனக்கு ஒரு மெக்கானிக் சொல்லாமல் சொன்ன பாடமும்கூட. பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்று காரைக் கொண்டு போனேன். சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் உணரி செத்துப்போயிருந்தது. அது செத்தால் இன்ஜின் குருட்டுத்தனமாக எரிபொருளை ஊற்றும், புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றியும் சீக்கிரம் பாழாகும். உள்ளங்கைக்குள் அடங்கும் பாகம். மாற்றினேன், கார் சரியானது. வயது மாறவில்லை.

18 அக்டோபர், இரவு

"அப்படியானால் பழைய வண்டி நல்லது என்கிறீர்களா?" இல்லை. மேலே எழுதியதைத் திரும்பப் படித்தபோது அந்த வாடை அடிக்கிறது என்பது எனக்கும் தெரிந்தது, அதனால் இந்த ஒட்டு. சோதனை ஒழுங்காக நடக்காத இடத்தில் வயது நிஜமாகவே கெடுக்கும். வினையூக்கி மாற்றி தேயும், பிஸ்டன் வளையம் தேய்ந்து ஆயில் எரியும், டீசல் துகள் வடிகட்டி அடைத்துக்கொண்டால் சிலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெற்றுக் குழாயைப் பற்றவைத்துவிடுவார்கள். இன்னும் ஒன்று, யூரோ 1-க்கு முந்தைய வண்டியை எவ்வளவு துடைத்து வைத்தாலும் அது நல்ல நிலையில் இருக்கும் யூரோ 6 பெட்ரோல் வண்டிக்கு அருகில் வராது. விதியில் நடந்த பெரிய தாவல்கள் நிஜம். அவற்றுக்கு நடுவே 9 வயதா 11 வயதா என்று சண்டை போடுவதுதான் வீண்.

23 அக்டோபர்

சராசரியைக் குறைக்க மிக எளிய வழி: பழையதை வேறு நாட்டுக்கு அனுப்பிவிடுவது.

சிங்கப்பூரில் 1990-இலிருந்து வண்டி வைத்திருக்க உரிமைச் சான்றிதழ் வாங்க வேண்டும். பத்து ஆண்டு செல்லும். முடிந்தால் மறுபடி பெருந்தொகை கட்ட வேண்டும், இல்லையென்றால் வண்டியைப் பதிவிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஜப்பானில் புதுக் காருக்கு மூன்றாம் ஆண்டிலும் பிறகு இரண்டு ஆண்டுக்கொருமுறையும் கறாரான சோதனை. 13 வயதைத் தாண்டிய பெட்ரோல் காருக்கு வரி சுமார் 15 சதவீதம் கூடும். விளைவு, நல்ல நிலையில் உள்ள கார்கள் அங்கிருந்து கப்பல் கப்பலாக வெளியேறுகின்றன. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2020-இல் வெளியிட்ட கணக்குப்படி, 2015 முதல் 2018 வரை ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், அமெரிக்கா மூன்றும் ஏற்றுமதி செய்த பழைய இலகுரக வண்டிகள் 1 கோடியே 40 லட்சம். அவற்றில் 80 சதவீதம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்கு. மொத்தத்தில் சுமார் 40 சதவீதம் ஆப்பிரிக்காவுக்கு.

கென்யா எட்டு வயதுக்கு மேற்பட்டதை உள்ளே விடுவதில்லை. அந்தத் தடையை நான் குறை சொல்ல மாட்டேன். வாசலில் நிற்கும் அதிகாரிக்கு வயதைப் பார்ப்பது மாசைப் பார்ப்பதைவிட எளிது. ஆனால் எட்டு வயதுக்குட்பட்ட வண்டி என்றாலும் வினையூக்கி மாற்றி உள்ளே இருக்கிறதா என்று யார் குனிந்து பார்ப்பது? அதில் பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் இருப்பதால் கப்பலேறும் முன்பே உருவப்பட்டுவிடும் வாய்ப்பு எப்போதும் உண்டு.

ஒருவேளை மூன்று நாடுகளின் சராசரி இறங்கி, முப்பது நாடுகளின் சராசரி ஏறியிருந்தால், வளிமண்டலம் யாரைப் பாராட்டும்? உள்நாட்டுக் குறியீடு என்று ஒன்று வைத்தால், அதன் பக்கத்திலேயே 'எத்தனை வெளியே அனுப்பினோம், எந்த நிலையில்' என்ற வரியும் வேண்டும்.

24 அக்டோபர்

இலங்கையை மறந்துவிட்டேன் என்று ஒருவர் நினைவூட்டினார். 2020 மார்ச்சில் அன்னியச் செலாவணி நெருக்கடியால் வண்டி இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மறுபடி அனுமதி. நடுவில் புதுசு வராததால் மொத்த வண்டிக் கூட்டமும் ஆண்டுக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு மூப்படைந்தது. அதே காலத்தில், 2022-இல், எரிபொருளே கிடைக்காமல் வண்டிகள் நின்றன. வயது ஏறியது, ஓட்டம் குறைந்தது. குறியீடு எந்தப் பக்கம் கை காட்டியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

29 அக்டோபர்

கரியமில வாயுவுக்கு வருவோம், இது தனிக் கணக்கு. நைட்ரஜன் ஆக்சைடை இன்ஜினுக்குப் பின்னால் வடிகட்டலாம், கரியமில வாயுவை அப்படிப் பிடிக்க வழியில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ, டீசல் என்றால் 2.7. வண்டிக்கு இரண்டு வயதானாலும் இருபது வயதானாலும் இதுவே.

2009-இல் அமெரிக்கா பழைய வண்டியைக் கொடுத்துப் புதியது வாங்கினால் பணம் தரும் திட்டம் நடத்தியது. சில வாரங்களில் கிட்டத்தட்ட 6.8 லட்சம் வண்டிகள், ஏறத்தாழ 300 கோடி டாலர். வாங்கிய பழையவற்றின் இன்ஜினுக்குள் சோடியம் சிலிக்கேட் கரைசலை ஊற்றி ஓடவிட்டு, இனி எழாதபடி இறுகவைத்தார்கள். (அந்தக் காணொளிகளை மெக்கானிக்குகள் பார்க்காமல் இருப்பது மனதுக்கு நல்லது.) கொடுத்த வண்டிகள் சராசரியாக லிட்டருக்கு 6.7 கிலோமீட்டர், வாங்கியவை 10.6.

ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இதில் மிச்சம் சுமார் 1.9 டன் கரியமில வாயு. புதுக் கார் ஒன்றைச் செய்ய 6 டன் செலவாகிறது என்று வைத்தால், மூன்று ஆண்டுக்குச் சற்று மேல் ஓட்டினால் கடன் தீர்ந்துவிடும். நல்ல பேரம். ஆண்டுக்கு 5,000 ஓட்டுபவருக்கு ஒன்பதரை ஆண்டு ஆகும். அவரிடம் போய் காரை மாற்றச் சொல்வது காற்றுக்குச் செய்யும் உதவியா, விற்பனையாளருக்குச் செய்யும் உதவியா? சராசரி வயதைக் குறைப்பது கொள்கை இலக்காகிவிட்டால் இந்த இரண்டு பேரும் ஒரே ஆள்.

டெல்லியில் 10 வயது டீசல், 15 வயது பெட்ரோல் என்ற கோடும் இந்த வகைதான். 2014, 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் போட்டது, 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2025 ஜூலை 1 முதல் அப்படிப்பட்ட வண்டிக்கு எரிபொருளே கிடையாது என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பி, சில நாட்களிலேயே தள்ளிவைத்தார்கள். இறக்குமதி வாசலில் வேலை செய்யும் எளிய விதி, ஏற்கெனவே உள்ளே இருப்பவரிடம் ஏன் இவ்வளவு கோபத்தைக் கிளப்புகிறது என்றால், தன் வண்டி புகை விடுகிறதா என்று யாரும் கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

2 நவம்பர்

நார்வே. 2024-இல் விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பது பங்கு மின்கார்கள். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே சாலையில் இருக்கும் மின்கார்களின் எண்ணிக்கை பெட்ரோல் கார்களைத் தாண்டிவிட்டது. இனி அங்கே அந்த மின்கார்களுக்கெல்லாம் வயது ஏறும். நாளைக்கு அந்தக் கூட்டத்தின் சராசரி 14-ஐத் தொட்டாலும் குழாய்ப் புகையில் அது தெரியாது, ஏனென்றால் குழாயே இல்லை. மின்கலத்தோடு கூடிய காரைச் செய்ய ஆரம்பத்தில் அதிகக் கரியமில வாயு செலவாகிறது. நீண்ட காலம் ஓட்டினால்தான் அது பரவும். அப்போது அதிக வயது நல்ல செய்தி. ஒரே எண் ஒரு காலத்தில் கெட்டதாகவும் இன்னொரு காலத்தில் நல்லதாகவும் இருக்கும் குறியீட்டை வரைபடத்தில் எந்த நிறத்தில் தீட்டுவீர்கள்?

டயர், பிரேக் துகள் பற்றிக் கேட்டவருக்கு: அது வயதைவிட எடையோடு தொடர்புடையது. யூரோ 7 விதியில்தான் முதல்முறையாக பிரேக் துகளுக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள்.

8 நவம்பர்

"குறை சொல்லியே காலம் தள்ளுகிறீர்கள், உங்கள் கையில் கொடுத்தால் என்ன வெளியிடுவீர்கள்?" நியாயமான கேள்வி.

சராசரி வயதைத் தூக்கி எறிய மாட்டேன். ஒரே நாட்டில், எண்ணும் முறை மாறாமல், வண்டி வகைவாரியாகப் பிரித்து, பல ஆண்டுத் தொடராகக் கொடுத்தால் அது பயன்படும். ஸ்கூட்டரையும் லாரியையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கினால் பயன்படாது. இந்தியா போல முக்கால்வாசி இருசக்கர வண்டியாக உள்ள இடத்தில் அந்தக் கலவை எண் ஸ்கூட்டர் விற்பனையை மட்டுமே சொல்லும். அதற்கு மேலே நான் முதலில் போடும் எண்: சென்ற ஆண்டு ஓடிய மொத்தக் கிலோமீட்டரில் எத்தனை பங்கு, வடிகட்டியோ வினையூக்கி மாற்றியோ இல்லாத தலைமுறை வண்டிகள் ஓடியவை. இந்த ஒன்று கிடைத்தால் மற்றதெல்லாம் அடிக்குறிப்பு. அப்புறம், சாலையோரத்தில் கருவி வைத்து அளந்த மாதிரிகள், பட்டியலில் உள்ளபடிதான் வண்டிகள் நடந்துகொள்கின்றனவா என்று பார்க்க. கருவிக்குச் செலவாகும், ஆமாம். ஆனால் அதை ஒரு நாட்டுக்குச் சில இடங்களில், சில வாரங்கள் வைத்தால் போதும்.

பதிவேட்டிலிருந்து வெளியேறியவை எங்கே போயின என்பது நான்காவது. அதை எந்த அரசும் ஆசையாக வெளியிடாது.

9 நவம்பர்

பதிவேட்டுத் தரவை இறக்கிக் கணக்குப் போடப் போவதாகச் சொன்னவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. டிரெய்லர்களும் தனி எண்ணோடு அதே பட்டியலில் இருக்கலாம். அவற்றுக்கு இன்ஜின் கிடையாது, எளிதில் சாகாது, முப்பது வயதிலும் திடமாக நிற்கும். முதல் வேலையாக அந்த வரிசையை நீக்கிவிட்டு ஆரம்பியுங்கள்.